கோடித்துணியில் ஒரு பொட்டு மஞ்சள்

எனக்கு எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படிப்பு. அதிலும் பாதி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்ட படிப்பு. வாக்கியம் கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் கிளாங் பங்களாவின் குளியலறையில் இருந்த சவுக்காரம் என்ன நிறம் என்று கேளுங்கள், உடனே சொல்வேன். (ஊதா. தாழம்பூ மாதிரி ஒரு வாசனை.)

இதை எழுதச் சொன்னது என் மகள். "வாயால நூறு தடவ சொல்லிட்டீங்க, ஒரு தடவ எழுதி வைங்கம்மா" என்றாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதம் பரவாயில்லை. அது என்னைத் திரும்பிப் பார்க்காது.

நடந்தது வெள்ளைக்காரன் காலத்தில், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருசம் முன்னால். எனக்குப் பதினாறு முடிந்திருக்கும். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். குவாட்டர்ஸைத் தாண்டி, செங்கல் ஏற்றிய மாட்டுவண்டிகள் போகும் ரோட்டில் ஒரு தையல்கடை. அங்கேதான் நான் காஜா எடுக்கப் போனேன்.

கடை என்று சொன்னால் மாஸ்டருக்குப் பிடிக்காது. பலகையில் "பிரகாசம் உடை மனை" என்று எழுதி வைத்திருந்தார். ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "அரைகுறைக் கடை" என்றுதான் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. அவர் தைத்த எதைப் பார்த்தாலும், பாதியில் எழுந்து சாப்பிடப் போய்விட்டார் போல இருக்கும். தையல் வெளிப்பக்கம் தெரியும். ஓரம் மடித்துத் தைத்திருக்காது, பிசிறு தொங்கும். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

மாஸ்டர் பேர் ஞானப்பிரகாசம். புதுச்சேரிக்காரர், வேதக்காரர் (கிறிஸ்தவர்). பிரெஞ்சுக் கப்பலில் தையல்காரராக ஊர் ஊராகச் சுற்றி, பாரீஸில் ஒரு பெரிய உடுப்பு மாளிகையில் கொஞ்ச காலம் பொத்தான் தைத்து, கடைசியில் போர்ட் சுவெட்டன்ஹாமில் (இப்போது போர்ட் கிளாங் என்கிறார்கள்) கரையிறங்கியவர். பாரீஸ் கதையை அவர் சம்சாரம் லூர்து அக்காவே முழுசாக நம்பியதில்லை. "பொத்தான் தச்சாராம். அப்ப இங்க ஏன் ஒரு சட்டைக்கும் பொத்தான் வைக்க மாட்டேங்கறாரு?" என்று என் காதில் சொல்வார்.

பொத்தான் வைக்காததற்கு அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. எல்லாவற்றுக்கும் இருந்தது. அது பிறந்த இடம் கப்பல் மேல்தளம்.

"ஒரு நாள் மாலுமிங்க சட்டைய எல்லாம் தொவைச்சிக் கொடியில போட்டிருந்தாங்க, பாக்கியம். நல்ல காத்து. கைய வீசிக்கிட்டு, வயித்த உப்பிக்கிட்டு, அதுங்க ஆடுன ஆட்டம் இருக்கே! ஆள் உள்ள இல்லாதப்ப சட்டை எம்புட்டு சந்தோசமா இருக்கு! ஆள் உள்ள பூந்ததும் ஜெயிலுக்குப் போயிருது. ஆள் உள்ள இருந்தும் சந்தோசமா இருக்கிற சட்டை ஒன்னு தச்சிட்டா, நான் பொறந்த வேலை முடிஞ்சிது."

அதனால் துணியை அதிகம் வெட்டக்கூடாது, இறுக்கக்கூடாது. தையலை மறைப்பது பொய் சொல்வதற்குச் சமம். சாயம் போடுவது துணிக்கு வேஷம் கட்டிவிடுவது. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் காற்றுதான் உடை, மற்றதெல்லாம் அதைப் பிடித்து வைக்கிற பாத்திரம். அக்கா தைத்த கவுன்களுக்கு நான் காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். அப்பா தேவாரம் சொல்லும்போது எப்படிக் கேட்பேனோ அப்படி. ஒன்றும் புரியாது, நன்றாக இருக்கும்.

ஊர்க்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டம்மா, தைக்கக் கொடுத்த ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர், தையல் பூரா வெளியில நிக்கிது?"

"மீன் வாங்கறப்ப செவுளத் தூக்கிப் பாக்கறீங்கல்ல தாயி? துணியில மட்டும் ஏன் மூடி வைக்கச் சொல்றீங்க?"

"மீன நான் உடுத்திக்கறதில்ல மாஸ்டர்."

அந்த அம்மாள் அப்புறம் வரவில்லை. யாரும் வரவில்லை. உடை மனையை ஓட்டியது தத்துவம் இல்லை. பின்கட்டில் லூர்து அக்கா கால் மிஷினில் தைத்துத் தள்ளிய பாவாடைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கவுன்களும்தான்.

அக்காவின் தம்பி அந்தோணி, கிளாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. அவர் கல்யாணத்துக்கு மாஸ்டர் ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தார். வழக்கம்போல் தையல் எல்லாம் வெளியே. கோயிலில் பாதிரியாரே மெதுவாகக் குனிந்து, "உள்பக்கம் வெளியே போட்டிருக்கிறாய் மகனே" என்றாராம். அக்காவின் வாய்க்குப் பயந்து அந்தோணி அந்தக் கோட்டை அப்புறமும் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போன ஒரு நாளில்தான், தோட்டத்துத் துரைசானி அவரை நிறுத்தி, சுற்றி வந்து பார்த்து, "யார் தைத்தது?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். மாஸ்டரின் வாழ்க்கையில் முதல் முறையாக.

அந்தத் துரைசானி புதுமைப் பிரியை. பங்களாவில் ஒரு சாயங்காலம் தேநீர் விருந்து வைத்துச் சிநேகிதிகளைக் கூப்பிடுவதாகவும், மாஸ்டர் ஓர் உடை செய்து கொண்டுவந்து காட்டலாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"நல்லா கேட்டுக்குங்க. ரயில்வேகாரங்களுக்குக் காக்கி தைக்க ஆளு தேடறாங்க. நீங்க 'ம்'னு சொன்னா நமக்குத்தான் வேலை. இத்தன வருசம் உங்க காத்தையும் சட்டையையும் பாத்துட்டேன். இந்த ஒரு தடவ போய்ட்டு வாங்க. அங்கயும் யாரும் வாங்கலன்னா?"

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "என் உடைய ஒருத்தரும் வாங்கலன்னா, மறுநாளே காக்கி தைக்க உக்காந்துர்றேன்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அந்த உடையை அவர் எத்தனை வாரம் செய்தார் என்று தெரியவில்லை. நீளமாக ஒரே காடாத்துணி. சலவை இல்லை, சாயம் இல்லை. அதில் தலைக்கு ஒரு கீறல், ஒரு கைக்கு ஒரு கீறல். இன்னொரு கை சும்மா. அங்கங்கே சில தையல். மற்றதெல்லாம் மடிப்பும் தொங்கலும். அவர் அதைத் தொங்கவிட்டுப் பார்ப்பார், அவிழ்ப்பார், மறுபடியும் மடிப்பார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. (பேசாத பெண் வாயைத் திறந்தால் இப்படித்தான் ஆகும்.)

"மாஸ்டர், இதுக்குத்தான் நம்மகிட்ட சேலைன்னு ஒன்னு இருக்கே?"

பின்கட்டில் அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது. மாஸ்டர் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "சேலைக்கு ஒரு உள்முந்தி இருக்கு பாக்கியம். மறைக்கிற பக்கம்னு ஒன்னு இருக்கு. இதுக்கு இல்ல. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. எந்த மூலைய வேணாலும் எடுத்து எங்க வேணாலும் போடலாம்."

நான் தலையாட்டினேன். அன்றைக்கு அதைக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

போட்டுக் காட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஏற்பாடு செய்வதாகத் துரைசானி சொல்லியிருந்தாள். மாஸ்டர் வேண்டாம் என்றுவிட்டார். "அவங்க தன்னக் காட்டுவாங்க. எனக்குத் தன்னக் காட்டத் தெரியாத ஆளு வேணும்." இப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்படியே மிஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. "பாத்தியா, பாத்தியா, இதத்தான் சொன்னேன்!" என்று மாஸ்டர் குதித்தார்.

அப்பா ஒத்துக்கொண்டார். மாஸ்டர் நல்ல மனிதர், அக்காவும் கூட வருகிறார், உள்ளே ரவிக்கையும் பாவாடையும் இருக்கிறது. அம்மாதான் பதறிப்போனார்.

"கன்னிப்பொண்ணுக்கு வெள்ளக் காடாவா? அதுவும் கோடி! தண்ணியில நனைக்காத கோடித்துணிய வெறுமனே யாருக்குடி போடுவாங்க? செத்தவங்களுக்குத்தான் போடுவாங்க."

அம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் கைக்குட்டை வாங்கினாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எடுக்கமாட்டோம். அம்மா விரலி மஞ்சளைக் கல்லில் உரசி, விழுதை வாழையிலைத் துண்டில் மடித்து என் கையில் கொடுத்தார். "அவங்க வேதக்காரங்க, அவங்களுக்குத் தெரியாது. உடுத்தறதுக்கு முன்னால யாரு கண்ணுக்கும் படாத மூலையா பாத்து ஒரு பொட்டு வச்சிரு. துணிக்கும் நல்லது, உனக்கும் நல்லது, அந்த மனுசனுக்கும் நல்லது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் வாங்கிக்கொண்டேன். அவர் உடை விற்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டியும் இருந்தேன்.

ரயிலில் கிளாங்குக்குப் போனோம். மாஸ்டர் உடையைத் தலையணை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு விசிறுவது மாதிரி அவ்வப்போது உறையின் வாயைத் திறந்து காற்றுக் காட்டிக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் அந்தோணி அண்ணன் தோட்டத்துக் காரோடு நின்றார். அந்தக் கோட்டுத்தான் போட்டிருந்தார், பாவம்.

பங்களாவில் எங்களுக்கு ஓரமாக ஓர் அறையும், அதை ஒட்டின குளியலறையும் கொடுத்தார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். துணியை விரித்து, கீழே தரையோடு தரையாகத் தொங்கும் இடது மூலையைத் தேடிப் பிடித்தேன். கணுக்காலுக்குப் பக்கத்தில், மடிப்புக்கு உள்ளே. இதைவிட மறைவான இடம் உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன். "தாயே, மாஸ்டருக்கு ஒரு வழி காட்டு" என்று சொல்லி அம்மா கொடுத்த விழுதை அழுத்தி வைத்தேன். ஒரு பொட்டுப் போதும். பக்தி அதிகமாகி ஒரு ரூபாய் அகலத்துக்கு வைத்துவிட்டேன்.

அக்கா உடுத்திவிட்டார். அறைக்கு வெளியே வந்து நின்றேன். வராந்தாவில் காற்று வீசிக்கொண்டிருந்தது. அது கை போட்ட பக்கம் நுழைந்து, முதுகைச் சுற்றி, கை போடாத பக்கம் வெளியே போனது. எனக்குக் கூச்சமாக இல்லை. அது எனக்கே ஆச்சரியம். ஆறு கெஜம் துணிக்குள் நான் இருப்பதே துணிக்குத் தெரியாத மாதிரி இருந்தது.

மாஸ்டர் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். "இப்ப சரி" என்றார். அவர் எதையும் பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம், "உள்ள கூப்பிடறப்ப அந்தக் கீழ் மூலைய எடுத்து இடது தோள்ல போட்டு விடு. கடைசி மடிப்பு அதுதான். அதுல எல்லாரும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார்.

நான் மஞ்சள் வைத்த மூலை அது.

அக்கா குனிந்து மூலையை எடுத்து முன்பக்கம் தொங்கத் தோளில் போட்டார். போட்ட கை அப்படியே நின்றது. நெஞ்சுக்கு நேரே, வெறும் காடாவில், நல்ல மஞ்சள் நிறத்தில் ஒரு ரூபாய்.

"என்னாடி இது?"

"மஞ்சக்கா."

"மஞ்சன்னு தெரியுதுடி! இது எப்படி இங்க வந்துச்சி?"

"நா... நா கால்கிட்டதான் வச்சேன் அக்கா..."

"அடிப்பாவி! சாயமே வேணாம்னு கெடக்கற மனுசன்டி அவரு! போ, போய்த் தேய், ஓடு!"

ஓடினேன். ஊதாச் சவுக்காரம் கண்ணில் பட்டது. தண்ணீரைத் தொட்டு நாலு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் போய்விட்டது. போய்விட்டுச் சிவப்பு வந்தது.

ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். என் கையாலேயே எத்தனை தட்டுக் கரைத்திருக்கிறேன். வீட்டில் மஞ்சள் பட்ட துணியில் சவுக்காரம் போட்டால் சிவக்கும், வெயிலில் போட்டால் போய்விடும் என்பதும் பார்த்துப் பழகியதுதான். ஆனால் அந்தச் சமயம் என் மூளை ரயில் ஏறாமல் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்துவிட்டது. சிவப்பைப் பார்த்ததும், இது வேறு ஏதோ கறை என்று நினைத்து இன்னும் சவுக்காரம் போட்டேன். ரூபாய் உள்ளங்கை ஆனது. உள்ளங்கை தட்டு ஆனது.

அப்புறம்தான் வெயில் நினைவு வந்தது. பின்வாசல் வழியாகக் குசினிப் பக்கம் ஓடி, நெஞ்சை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். கிளாங் வெயில் அந்த நேரம் பார்த்து மேகத்துக்குள் போய்விட்டது. குசினிக்கார அண்ணன் கையில் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

"ஐயையோ, என்னாம்மா! ரத்தமா?"

"மஞ்சள் அண்ணே. சவுக்காரம் போட்டுட்டேன்." அழுகை வந்துவிட்டது.

"அழாதலா. இதுக்குப் போய் அழுவியா? புளிப்புப் பட்டா எறங்கிரும்." தேநீருக்கு நறுக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒரு பாதியைக் கொண்டுவந்து நீட்டினார்.

நல்ல மனிதர். சொன்னதும் சரிதான். எலுமிச்சம்பழம் பட்ட இடத்தில் சிவப்பு இறங்கியது. இறங்கி மறுபடியும் மஞ்சள் ஆனது. அதற்குள், "பாக்கியம்!" என்று அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அதனால் நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, அதைச் சுற்றி ஈரம். அந்தக் கோலத்தில் ஹாலுக்குள் போனேன்.

ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்தது செருப்புகளை மட்டும்தான். வெள்ளைச் செருப்பு, குதி வைத்தது, பாசிமணி வேலை செய்த சீனச் செருப்பு ஒன்று. என் தோளிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கம்பளத்தில் தண்ணீர் விழுந்தது. பூமி பிளந்தால் போய்விடலாம் என்று நின்றேன்.

திடீரென்று கைதட்டினார்கள்.

துரைசானி எழுந்தே வந்துவிட்டாள். விரலால் என் நெஞ்சைக் காட்டி என்னவோ கீச்சுக் கீச்சென்று சொன்னாள். பாசிச் செருப்பு அம்மாள், "சாந்திக், சாந்திக்!" என்றார். மலாயில் அழகு, அழகு. நான் நிமிர்ந்து மாஸ்டரைத் தேடினேன். அவர் கறையைப் பார்க்கவில்லை. கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாக.

அந்தோணி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், எல்லாருக்கும் வேணுமாம்! இதே மாதிரி. பூவோட!"

"பூவோடயா?"

"ஆமா, அந்தத் தோள்ல இருக்கே, அந்தப் பூ. இந்த மாதிரிப் பூ அவங்க சீமையிலயே பாத்ததில்லயாம்."

மாஸ்டர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "பூ இல்லாம யாருக்காச்சும் வேணுமான்னு கேளு."

அந்தோணி அண்ணன் இங்கிலீஷில் கேட்டார். எல்லோரும் கலகலவென்று சிரித்தார்கள். துரைசானி பதில் சொன்னாள். அண்ணன் தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னார்.

"பூ இல்லாட்டி அது வெறும் துணிதானேன்னு கேக்கறாங்க மச்சான்."

அக்கா முந்திக்கொண்டு, "செஞ்சி குடுக்கறோம்னு சொல்லு, எல்லாருக்கும் செஞ்சி குடுக்கறோம்" என்றார். அந்த உடையைத் துரைசானி கழற்றி வாங்கியே வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அக்கா மட்டும், எத்தனை கெஜம் காடா வேண்டும், எந்தக் கடையில் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தார். மாஸ்டர் மடியில் காலித் தலையணை உறை.

"என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க மாஸ்டர்" என்றேன்.

"எதுக்கு? துணிக்கு நல்லதுன்னுதான வச்ச?"

"ஆமா மாஸ்டர்."

"நானும் துணிக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போனபோது மாஸ்டர் காக்கித்துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? அதான் அத்தன பேரு வாங்கறாங்களே!"

"என் உடைய ஒருத்தரும் வாங்கலன்னா காக்கி தைக்கறேன்னு மாதா மேல சத்தியம் பண்ணேன். வாங்கல. அவங்க வாங்கறது பாக்கியத்தோட உடை."

(அப்படிப் பார்த்தால் பாரீஸில் இருப்பதுபோல் எனக்கும் ஓர் உடை மனை இருந்திருக்கிறது. முதலாளியம்மா அங்கே காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.)

பூ உடைகளை நானும் அக்காவும்தான் செய்தோம். பின்கட்டில் காடாவை விரித்து, நான் மஞ்சள் வைப்பேன், அக்கா சவுக்காரம் போடுவார், அப்புறம் எலுமிச்சம்பழம். மாஸ்டர் தலை நிமிராமல் முன்னால் காக்கி தைப்பார். மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று நாங்கள் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்.

மூன்று மாதம்கூட ஓடவில்லை. மஞ்சளாச்சே! அந்த அம்மாக்கள் உடையை டோபியிடம் போட, டோபி வெயிலில் காயப்போட, பூ போயே போய்விட்டது. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "பூவைக் காணோமாம்" என்று அந்தோணி அண்ணன் மூட்டையோடு வந்து நின்றார். "பூன்னா வாடத்தான்டா செய்யும், போய்ச் சொல்லு!" என்று அக்கா கத்தினார். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது.

அந்த முதல் உடை மட்டும் திரும்பி வரவில்லை. அதிலும் பூ போய்விட்டதாம். ஒரு சுவடு இல்லாமல், மாஸ்டர் தலையணை உறையில் வைத்துக் கொண்டுபோனபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையாகிவிட்டதாம். அதைக் கிழித்து மோட்டார் கார் துடைக்க வைத்துக்கொண்டார்கள் என்று அந்தோணி அண்ணன் சொன்னார். மாஸ்டரிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

எனக்குக் கல்யாணம் ஆனதும் பிரிக்பீல்ட்ஸிலேயேதான். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவருக்கு வந்த காக்கிச் சட்டை மாஸ்டர் தைத்தது. அதைத் துவைக்கும்போதெல்லாம் உள்ளே வெளியே புரட்டிப் பார்ப்பேன். எங்காவது தையல் கொஞ்சம் வெளியே நிற்கிறதா, ஒரு கை கொஞ்சம் நீளமா, அக்குளில் காற்றுக்கென்று ஒரு விரல் இடம் விட்டிருக்கிறாரா என்று. ஒன்றும் இல்லை. மற்ற காக்கிகள் மாதிரியே ஒரு காக்கி. அளவு சரி, ஓரம் மடித்திருக்கும், பொத்தான் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு குறை சொல்ல முடியாது. கொடியில் போட்டுவிட்டு அது காற்றில் ஆடுவதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

எங்கள் வீட்டில் இது இப்போது வேடிக்கைக் கதை. மகள் தீபாவளிக்கு அடிப்பிடித்துக் கிண்டிய அல்வாவை வந்தவர்கள் "புது ருசியா இருக்கே" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டால், மருமகன் சமையலறையில் தலையை நீட்டி, "என்ன, துரைசானி கைதட்டிட்டாளா?" என்பார். பேரன் தப்பாகப் போட்ட கணக்குக்கு வாத்தியார் மார்க் போட்டுவிட்டாலும் துரைசானி கைதட்டிவிட்டாள்தான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்கப் போவேன்.

இதில் பல விவரம் எனக்குச் சந்தேகம்தான். அந்த விருந்து மழை மாதத்திலா வெயில் மாதத்திலா, துரைசானியின் தோட்டம் கிளாங்குக்கு எந்தப் பக்கம், காடா ஆறு கெஜமா ஏழா, சரியாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் யாராவது இருந்தால் படித்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டு ரயில்வேகாரர் யாராவது மாஸ்டர் தைத்த காக்கியைப் போட்டிருந்தால், அதில் ஏதாவது குறை இருந்ததா என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தது என்று யாராவது சொன்னால்கூடப் போதும் எனக்கு.